கிராமத்துப் பெண்களிடம் நடந்த ஆய்வு உலக விதியானது எப்படி? டாக்டர் சங்கரநாராயணனின் கட்டுரைகள் சொல்வது என்ன?

கருப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்பிவி தடுப்பூசி அறிமுகமானபோது ஒவ்வொரு பெண்ணுக்கும் 3 டோஸ் என்பதுதான் விதி. 2014-ல் சிறுமிகளுக்கு 2 டோஸ் போதும் என்றது உலக சுகாதார நிறுவனம். 2022 டிசம்பரில் ஒரே டோஸ்கூடப் போதும் என்று சொல்லிவிட்டது. மூன்று ஒன்றானால் செலவு மட்டுமா குறைகிறது? பள்ளிக்கூடத்துக்கு நர்ஸ் மூன்று முறை போக வேண்டியதில்லை, இரண்டாவது டோஸுக்கு வராமல் போன சிறுமியைத் தேடி அலைய வேண்டியதில்லை.

இந்த முடிவுக்கு ஆதாரமாக நின்றவை முக்கியமாக மூன்று நாட்டு ஆய்வுகள்: கோஸ்டா ரிகா, கென்யா, இந்தியா. இதில் இந்திய ஆய்வு ஒரு டோஸைப் பரிசோதிக்கத் தொடங்கப்பட்டதே அல்ல. பாதியில் அரசு நிறுத்திவைத்த ஆய்வு அது. அதைத் தொடங்கியவர் டாக்டர் ரெங்கசாமி சங்கரநாராயணன்.

பொதுமக்களுக்கு அதிகம் தெரியாத பெயர். ஆனால் புற்றுநோயை முன்கூட்டியே கண்டறிவது பற்றி உலகில் எங்கே வழிகாட்டி நெறிமுறை எழுதினாலும் இவருடைய கட்டுரைகளைத் தாண்டிப் போக முடியாது. அப்படி என்னதான் எழுதினார்?

யார் இந்த சங்கரநாராயணன்?

திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்தில் பணியாற்றியவர். பின்னர் பிரான்சின் லியோன் நகரில் உள்ள சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமைக்குச் சென்று, அங்கே புற்றுநோய்ப் பரிசோதனைகள் பற்றிய பிரிவுக்குத் தலைமை வகித்தார். இந்த முகமை உலக சுகாதார நிறுவனத்தின் ஓர் அங்கம்.

அலுவலகம் லியோனில் இருந்தாலும் ஆய்வுக் களம் பெரும்பாலும் இந்தியாதான். கேரளத்தின் திருவனந்தபுரம் மாவட்டம், தமிழ்நாட்டின் திண்டுக்கல் மாவட்டம், மகாராஷ்டிராவின் உஸ்மானாபாத் மாவட்டம். உஸ்மானாபாத்துக்கு இப்போது தாராசிவ் என்று பெயர். இந்த மூன்று இடங்களில் நடந்த மூன்று ஆய்வுகள்தான் அவருடைய கட்டுரைகளில் அதிகம் பேசப்படுபவை.

'தாக்கம்' என்பதை எப்படி அளக்கிறார்கள்?

வழக்கமான வழி, மேற்கோள் எண்ணிக்கை. ஒரு கட்டுரையை எத்தனை பிற கட்டுரைகள் குறிப்பிட்டிருக்கின்றன என்ற கணக்கு. அடுத்தது எச்-இண்டெக்ஸ். ஒருவருக்கு எச்-இண்டெக்ஸ் 40 என்றால், குறைந்தது 40 முறையாவது மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகள் அவரிடம் 40 இருக்கின்றன என்று பொருள். பல்கலைக்கழகங்களில் பதவி உயர்வு வரை இந்த எண் பேசும்.

ஆனா இதுல ஒரு சிக்கல் இருக்கு. புற்றுநோய்த் துறையில் மேற்கோள்களை அள்ளிக்கொண்டு போவது பெரும்பாலும் புள்ளிவிவரக் கட்டுரைகள். உலகில் எத்தனை பேருக்கு எந்தப் புற்றுநோய் என்று 'குளோபோகேன்' கணக்கு வெளிவந்தால், அடுத்து எழுதப்படும் ஆயிரக்கணக்கான கட்டுரைகளின் முதல் வரியே அதைச் சுட்டிக்காட்டித்தான் தொடங்கும். அது தேவையான வேலைதான். ஆனால் ஒரு வரியில் சம்பிரதாயமாகக் குறிப்பிடப்படுவதும், ஒரு கட்டுரையைப் படித்துவிட்டு ஒரு நாடு தன் பரிசோதனை முறையையே மாற்றிக்கொள்வதும் மேற்கோள் கணக்கில் ஒன்றாகவே எண்ணப்படும்.

சங்கரநாராயணன் குழுவின் கட்டுரைகளும் நிறையவே மேற்கோள் காட்டப்பட்டிருக்கின்றன. ஆனால் அவற்றின் கனம் வேறொரு விஷயத்தில் இருக்கிறது: அவை எண்ணியது மரணங்களை.

மரணத்தை ஏன் எண்ண வேண்டும்?

பரிசோதனை செய்து நோயை முன்பே கண்டுபிடித்தால் நல்லதுதானே, இதுக்கு எதுக்கு ஆராய்ச்சி என்று தோன்றலாம். விஷயம் அவ்வளவு நேரடியானது இல்லை.

ஒரு பெண்ணுக்கு 50 வயதில் அறிகுறி தெரிந்து புற்றுநோய் கண்டறியப்படுகிறது, 53 வயதில் இறந்துபோகிறார் என்று வைத்துக்கொள்வோம். நோயோடு வாழ்ந்தது 3 ஆண்டுகள். அதே பெண்ணுக்கு முகாமில் பரிசோதித்து 47 வயதிலேயே கண்டுபிடித்து, சிகிச்சை பலிக்காமல் அதே 53-ல் இறந்தால்? காகிதத்தில் 6 ஆண்டுகள் வாழ்ந்தார் என்று வரும். ஆயுள் இரட்டிப்பானது போலத் தெரியும். உண்மையில் ஒரு நாள்கூடக் கூடவில்லை. நோய் இருக்கிறது என்று தெரிந்து கவலைப்பட்ட காலம்தான் கூடியிருக்கிறது.

ஆகவே 'எத்தனை பேருக்குக் கண்டுபிடித்தோம்', 'எத்தனை ஆண்டு வாழ்ந்தார்கள்' என்ற கணக்குகளை நம்பி ஒரு பரிசோதனையை நாடு முழுக்கக் கொண்டுபோக முடியாது. கிராமங்களைக் குலுக்கல் முறையில் பிரிக்க வேண்டும். சில கிராமங்களுக்குப் பரிசோதனை, சில கிராமங்களுக்கு வழக்கமான மருத்துவ வசதி மட்டும். பிறகு ஏழெட்டு ஆண்டுகள் காத்திருந்து இரண்டு பக்கமும் அந்தப் புற்றுநோயால் எத்தனை பேர் இறந்தார்கள் என்று பார்க்க வேண்டும். இதற்கு லட்சக்கணக்கான மக்கள் தேவை. ஒவ்வொரு மரணத்தையும் அதன் காரணத்தையும் பதிவுசெய்யும் புற்றுநோய்ப் பதிவேடு தேவை. கிராமத்தில் யார் எப்போது எதனால் இறந்தார் என்பதே சரியாகப் பதிவாகாத நாட்டில் இது சாதாரண வேலை கிடையாது.

திருவனந்தபுரம்: டார்ச் வெளிச்சத்தில் வாயைப் பார்த்தால் போதுமா?

முதல் பெரிய ஆய்வு வாய்ப் புற்றுநோய் பற்றியது. 1996-ல் தொடங்கியது. திருவனந்தபுரம் மாவட்டத்தில் 13 பஞ்சாயத்துகள். 7 பஞ்சாயத்துகளில் பரிசோதனை, 6-ல் இல்லை. 35 வயதுக்கு மேற்பட்ட சுமார் 1.92 லட்சம் பேர். பரிசோதித்தவர்கள் டாக்டர்கள் அல்ல, பயிற்சி பெற்ற பட்டதாரிகள். வீடு வீடாகப் போய், வாயைத் திறக்கச் சொல்லி, வெளிச்சம் காட்டி, வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, ஆறாத புண் இருக்கிறதா என்று பார்த்தார்கள். அவ்வளவுதான் பரிசோதனை.

2005-ல் 'லான்செட்' இதழில் முடிவு வந்தது. பரிசோதனை நடந்த பகுதிகளில் வாய்ப் புற்றுநோயால் 77 மரணங்கள், நடக்காத பகுதிகளில் 87. மொத்தமாகப் பார்த்தால் இந்த வித்தியாசம் தற்செயலாகவும் வந்திருக்கலாம். ஆனால் புகையிலை அல்லது மது பழக்கம் உள்ளவர்களை மட்டும் எடுத்துப் பார்த்தபோது இறப்பு 34 சதவீதம் குறைந்திருந்தது. அதாவது, ஊரில் உள்ள எல்லோர் வாயையும் பார்ப்பதைவிட வெற்றிலை-புகையிலை போடுபவர், பீடி குடிப்பவர், மது அருந்துபவர் வாயைப் பார்ப்பதில்தான் பலன்.

15 ஆண்டுக் கணக்கு 2013-ல் வந்தது. பழக்கம் உள்ளவர்களிடம் இறப்புக் குறைவு 24 சதவீதம். நான்கு சுற்றுப் பரிசோதனைக்கும் தவறாமல் வந்தவர்களிடம் 81 சதவீதம். இந்த 81-ஐக் கொஞ்சம் எச்சரிக்கையோடு படிக்க வேண்டும். நாலு தடவையும் தவறாமல் வருகிறவர் பொதுவாகவே உடம்பைப் பார்த்துக்கொள்கிறவராக இருப்பார். முழுப் பெருமையும் பரிசோதனைக்குச் சேராது.

திண்டுக்கல்லில் வினிகர், உஸ்மானாபாத்தில் டிஎன்ஏ

கருப்பை வாய்ப் புற்றுநோய் இந்தியாவில் ஆண்டுக்கு சுமார் 1.27 லட்சம் பெண்களைத் தாக்குகிறது, 80 ஆயிரம் பேர் வரை இறக்கிறார்கள். இது 2022-ம் ஆண்டுக்கான குளோபோகேன் மதிப்பீடு. பணக்கார நாடுகள் பாப் ஸ்மியர் பரிசோதனையால் இதைக் கட்டுப்படுத்தின. ஆனால் அதற்கு ஆய்வகம் வேண்டும், செல்களைப் பார்த்துச் சொல்ல நிபுணர் வேண்டும், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பெண்கள் திரும்பத் திரும்ப வர வேண்டும்.

மாற்று வழியாக வந்ததுதான் விஐஏ. நீர்த்த அசிட்டிக் அமிலத்தைப் பஞ்சால் கருப்பை வாயில் தடவி, ஒரு நிமிடம் காத்திருந்து, வெண்மையாக மாறும் இடம் இருக்கிறதா என்று வெறும் கண்ணால் பார்ப்பது. அசிட்டிக் அமிலம் என்றால் கிட்டத்தட்ட நம்ம வீட்டு வினிகர்தான்.

திண்டுக்கல் மாவட்டத்தில் அம்பிளிக்கையில் உள்ள கிறிஸ்டியன் ஃபெலோஷிப் மருத்துவ மையம் மூலமாக, 114 கிராமத் தொகுதிகளில் 2000-ல் இந்த ஆய்வு தொடங்கியது. சென்னை அடையாறு புற்றுநோய் மையமும் இதில் பங்கேற்றது. 30 முதல் 59 வயது வரையிலான 49,311 பெண்கள் பரிசோதனைப் பிரிவில் இருந்தார்கள். 30,958 பேர் ஒப்பீட்டுப் பிரிவில். பரிசோதனைப் பிரிவில் 31,343 பேர் வந்து பரிசோதித்துக்கொண்டார்கள். பார்த்தவர்கள் பயிற்சி பெற்ற நர்ஸ்கள். மாற்றம் தெரிந்தால் அதே வருகையிலேயே உறைகுளிர் சிகிச்சையும் அவர்களே கொடுத்தார்கள். 'இன்னொரு நாள் வாங்க' என்று சொல்லி அனுப்பினால் பாதிப் பேர் வரமாட்டார்கள் என்பது கிராமத்தில் வேலை பார்த்த எவருக்கும் தெரியும்.

2007-ல் லான்செட்டில் முடிவு: ஒரே ஒரு முறை செய்த பரிசோதனையால் நோய் 25 சதவீதமும், இறப்பு 35 சதவீதமும் குறைந்தது.

அடுத்தது உஸ்மானாபாத். மும்பை டாடா நினைவு மையம், பார்ஷியில் உள்ள நர்கீஸ் தத் நினைவுப் புற்றுநோய் மருத்துவமனை ஆகியவற்றோடு சேர்ந்து நடந்தது. இதில் போட்டி மூன்று முறைகளுக்கு இடையே. 1,31,746 பெண்களை நான்கு குழுக்களாகப் பிரித்தார்கள்: எச்பிவி டிஎன்ஏ பரிசோதனை, பாப் ஸ்மியர், விஐஏ, எதுவும் இல்லாத ஒப்பீட்டுக் குழு. ஒவ்வொன்றிலும் 31 ஆயிரத்திலிருந்து 34 ஆயிரம் பேர். எல்லாமே ஒரே ஒரு முறைதான்.

8 ஆண்டுகள் கழித்து, 2009-ல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வந்த கணக்கு: எச்பிவி பரிசோதனைக் குழுவில் 34 மரணங்கள், ஒப்பீட்டுக் குழுவில் 64. கிட்டத்தட்டப் பாதி. பாப் ஸ்மியர், விஐஏ குழுக்களில் குறிப்பிடத்தக்க குறைவு இல்லை.

அப்போ பாப் ஸ்மியர் வேஸ்ட்டா? அப்படி இல்லை. அது திரும்பத் திரும்பச் செய்தால் வேலை செய்யும். வாழ்நாளில் ஒருமுறை மட்டுமே பரிசோதனைக்கு வரக்கூடிய பெண்ணுக்கு எது நல்லது என்பதுதான் இங்கே கேள்வி. அந்த ஆய்வில் இன்னொரு எண் இருக்கிறது, அதிகம் பேசப்படாதது. 'உங்களுக்கு ஒன்றும் இல்லை' என்று முடிவு வந்த பெண்களில் பின்னர் எத்தனை பேருக்குப் புற்றுநோய் வந்தது? எச்பிவி பரிசோதனையில் லட்சத்துக்கு 3.7, பாப் ஸ்மியரில் 15.5, விஐஏவில் 16. எச்பிவி பரிசோதனை 'இல்லை' என்று சொன்னால் அந்தப் பெண் பல ஆண்டுகளுக்கு நிம்மதியாக இருக்கலாம் என்று அர்த்தம். 30 வயதிலிருந்து 5 முதல் 10 ஆண்டுகளுக்கு ஒருமுறை எச்பிவி டிஎன்ஏ பரிசோதனை என்று 2021-ல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்ததன் பின்னணியில் இந்தக் கணக்குக்கு முக்கிய இடம் உண்டு.

திண்டுக்கல்லில் பலித்த விஐஏ உஸ்மானாபாத்தில் ஏன் பலிக்கவில்லை? கண்ணால் பார்த்துச் சொல்லும் எந்தப் பரிசோதனையும் பார்ப்பவரின் பயிற்சியைப் பொறுத்தது என்பது ஒரு நியாயமான விளக்கம். மும்பையில் டாக்டர் சுரேந்திர சாஸ்திரி தலைமையில் நடந்த தனி ஆய்வில் 2 ஆண்டுக்கு ஒருமுறை என்று தொடர்ந்து விஐஏ செய்தபோது இறப்பு 31 சதவீதம் குறைந்தது. மீண்டும் மீண்டும் பார்த்தால் ஒருமுறை தவறவிட்டதை அடுத்த முறை பிடிக்கலாம்.

பரிசோதனை இல்லாத பெண்களுக்கு என்ன ஆனது?

இந்த ஆய்வுகளைப் புகழ்ந்துவிட்டு மட்டும் போக முடியாது. திண்டுக்கல், உஸ்மானாபாத், மும்பை மூன்றிலும் ஒப்பீட்டுப் பிரிவில் இருந்த பெண்கள் 1,38,624 பேர். அவர்களில் கருப்பை வாய்ப் புற்றுநோயால் இறந்தவர்கள் முறையே 92, 64, 98. மொத்தம் 254.

பாப் ஸ்மியர் இறப்பைக் குறைக்கும் என்பது மேலை நாடுகளில் பல பத்தாண்டுகளாகத் தெரிந்த விஷயம். அப்படியிருக்க, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஏழைப் பெண்களைப் பரிசோதனை இல்லாமல் விட்டு மரணங்களை எண்ணியது சரியா? அமெரிக்க மருத்துவர் எரிக் சூபா இந்தக் கேள்வியை 2014-ல் இந்திய மருத்துவ அறநெறி இதழில் எழுப்பினார். இந்த ஆய்வுகளுக்கு அமெரிக்காவிலிருந்து நிதி வந்ததையும் அவர் சுட்டிக்காட்டினார்.

ஆய்வாளர்கள் தரப்பு பதில்: அந்தக் காலத்தில் இந்தியாவில் கருப்பை வாய்ப் பரிசோதனைத் திட்டம் என்று எதுவுமே கிடையாது, எனவே 'வழக்கமான மருத்துவம்' என்பதே பரிசோதனை இல்லாமைதான், ஒப்பீட்டுப் பிரிவுப் பெண்களுக்கு விழிப்புணர்வுத் தகவல் தரப்பட்டது, அறநெறிக் குழுக்களின் ஒப்புதல் இருந்தது.

இரண்டிலும் வலு இருக்கிறது. ஆனால் 'இங்கே வழக்கத்தில் இல்லை' என்ற பதிலை எவ்வளவு தூரம் ஏற்பது? வழக்கத்தில் இல்லாததற்குக் காரணம் அறியாமை அல்ல, வசதியின்மை. திண்டுக்கல் முடிவு 2007-லேயே வந்தது; மும்பை ஆய்வின் முடிவு அறிவிக்கப்பட்டது 2013-ல். இடைப்பட்ட அந்த ஆறு ஆண்டுகள் பற்றிய கேள்விக்கு இதுவரை வந்த பதில்கள் இந்தக் கட்டுரையாளருக்குப் போதுமானவையாகத் தோன்றவில்லை.

மேற்கோள் கணக்கில் தெரியாத புத்தகங்கள்

2003-ல் சங்கரநாராயணன் இரண்டு கையேடுகளை இணைந்து எழுதினார். ஒன்று விஐஏ செய்வது எப்படி என்பது பற்றியது. மற்றொன்று கால்போஸ்கோப் கருவி மூலம் கருப்பை வாயைப் பார்ப்பது பற்றியது. நிறைய வண்ணப் படங்கள், படிப்படியான விளக்கம். சர்வதேச முகமையின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன, பல மொழிகளில் மொழிபெயர்க்கப்பட்டிருக்கின்றன. இதைப் படித்துப் பழகிய நர்ஸ் கட்டுரை எழுதப் போவதில்லை. அதனால் மேற்கோளும் வராது.

இந்தியா என்ன எடுத்துக்கொண்டது?

2016-ல் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறை 30 முதல் 65 வயது வரை 5 ஆண்டுக்கு ஒருமுறை பரிசோதனை என்றது. கருப்பை வாய்க்கு விஐஏ, வாய்க்கு நேரடிப் பார்வை. உஸ்மானாபாத் ஆய்வு எச்பிவி பரிசோதனையைத் தூக்கிப் பிடித்திருந்தாலும் அரசு தேர்ந்தெடுத்தது திண்டுக்கல் வழியை. துணை சுகாதார நிலையத்தில் டிஎன்ஏ கருவி வைப்பதைவிட நர்ஸுக்குப் பயிற்சி கொடுப்பது எளிது என்பது புரிந்துகொள்ளக்கூடிய கணக்கு.

ஆனால் நடைமுறை? 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி 30-49 வயதுப் பெண்களில் எப்போதாவது ஒருமுறையாவது கருப்பை வாய்ப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் நாடு முழுக்க 1.9 சதவீதம். தமிழ்நாட்டில் 9.8 சதவீதம். உலக சுகாதார நிறுவனம் 2030-க்குள் எட்டச் சொல்லும் இலக்கு 70 சதவீதம்.

நின்றுபோன ஆய்வு

இப்போது தடுப்பூசிக்கு வருவோம். 2009-ல் சங்கரநாராயணன் குழு இந்தியாவில் 9 மையங்களில் 10 முதல் 18 வயது வரையிலான 20,000 சிறுமிகளிடம் ஓர் ஆய்வைத் தொடங்கியது. 3 டோஸும் 2 டோஸும் சமமா என்று பார்ப்பதுதான் நோக்கம்.

அதே நேரத்தில் ஆந்திராவின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் 'பாத்' என்ற அமைப்பு வேறொரு எச்பிவி தடுப்பூசித் திட்டத்தை நடத்திவந்தது. அதில் பங்கேற்ற 7 சிறுமிகள் இறந்தது பெரும் சர்ச்சையானது. மரணங்களுக்குத் தடுப்பூசி காரணமாக இருக்க வாய்ப்பில்லை என்றது விசாரணை. ஆனால் பெற்றோரின் ஒப்புதலை முறையாக வாங்கவில்லை என்பதை 2013-ல் நாடாளுமன்ற நிலைக்குழு கடுமையாகக் கண்டித்தது. சர்ச்சை வெடித்ததும் 2010 ஏப்ரலில் நாடு முழுவதும் எச்பிவி தடுப்பூசி ஆய்வுகளை அரசு நிறுத்தியது. சங்கரநாராயணன் குழுவின் ஆய்வுக்கும் இந்த மரணங்களுக்கும் தொடர்பில்லை. இருந்தும் அதுவும் நின்றது.

அன்று வரை தடுப்பூசி போட்டுக்கொண்டவர்கள் 17,729 பேர். அவர்களில் 4,348 பேர் 3 டோஸை முடித்திருந்தார்கள். 4,979 பேர் ஆறு மாத இடைவெளியில் 2 டோஸ். 3,452 பேர் இரண்டு மாத இடைவெளியில் இரண்டு டோஸோடு நின்றுவிட்டவர்கள். 4,950 பேருக்குக் கிடைத்தது ஒரே டோஸ்.

குலுக்கல் முறையில் நடக்க வேண்டிய ஆய்வு குலைந்துபோனது. சாதாரணமாக இந்த இடத்தில் கோப்பை மூடிவிடுவார்கள். இவர்கள் மூடவில்லை. ஒரு டோஸோடு நின்ற சிறுமிகள் பயந்தோ சோம்பல்பட்டோ நிற்கவில்லை. அரசு உத்தரவு வந்த தேதிதான் காரணம். எனவே அவர்களை மற்றவர்களோடு ஒப்பிடுவதில் ஓரளவு நியாயம் இருந்தது. தொடர்ந்து ரத்த மாதிரி எடுத்தார்கள். திருமணமாகி 18 மாதங்கள் கழித்தோ, முதல் குழந்தை பிறந்து 6 மாதங்கள் கழித்தோ கருப்பை வாய் மாதிரி எடுத்தார்கள். இந்த வைரஸ் பாலுறவு மூலம் பரவுவது என்பதால் அதற்கு முன் பார்த்துப் பயனில்லை. ஒப்பிடுவதற்காகத் தடுப்பூசி போடாத, அதே வயதுத் திருமணமான பெண்கள் சுமார் 1,500 பேரையும் சேர்த்துக்கொண்டார்கள்.

2016-ல் முதல் முடிவு, 2021-ல் டாக்டர் பார்த்தா பாசுவை முதல் ஆசிரியராகக் கொண்டு 10 ஆண்டு முடிவு. இரண்டும் 'லான்செட் ஆங்காலஜி' இதழில். புற்றுநோயை அதிகம் உண்டாக்கும் 16, 18 ஆகிய இரு வகை எச்பிவி வைரஸ்கள் உடலில் தங்கிவிடாமல் தடுக்கும் திறன்: 3 டோஸுக்கு 93.3 சதவீதம், 2 டோஸுக்கு 93.1, ஒரு டோஸுக்கு 95.4. ஒரு டோஸ்தான் சிறந்தது என்று இதைப் படிக்கக் கூடாது. மூன்றுக்கும் வித்தியாசம் இல்லை என்றே படிக்க வேண்டும்.

ஆஸ்திரேலியா, பிரிட்டன், வங்கதேசம், நைஜீரியா என்று 2023-ல் வரிசையாகப் பல நாடுகள் ஒரு டோஸ் முறைக்கு வந்தன.

இன்னும் ஒரு கேள்வி மீதம் இருக்கிறது. இந்த ஆய்வு அளந்தது வைரஸ் தங்குவதைத்தான், புற்றுநோயை அல்ல. வைரஸ் தொற்றிப் புற்றுநோயாக மாறப் பத்து, இருபது ஆண்டுகள்கூட ஆகலாம். 2009-10ல் கையை நீட்டி ஊசி போட்டுக்கொண்ட அந்தச் சிறுமிகள் இப்போது 25 வயதைத் தாண்டியவர்கள், பலர் 30-களில் இருக்கிறார்கள். இந்தப் புற்றுநோயின் முன்நிலை மாற்றங்கள் தெரியத் தொடங்கும் வயதுக்கு அவர்கள் இப்போதுதான் வந்துகொண்டிருக்கிறார்கள்.